மன்னிப்புக்கு ஒதுக்கிய நிதி

என் தம்பியை எங்கள் ஊர் மன்னித்தது ஒரு மாசி மாதத்தில். அதே ஊர் அந்த மன்னிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டது அடுத்து வந்த சித்திரையில். நடுவில் ஒரு பங்குனி இருந்தது. அந்தப் பங்குனியில்தான் அரசாங்கத்துக்கும் அவனை மன்னிக்க வேண்டும் என்ற ஆசை வந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மரக்காணத்து உப்பளங்களுக்கும் கடலுக்கும் இடையில் இருந்த சின்னக் குப்பம் எங்களுடையது. நாங்கள் தண்ணீரிலிருந்து மீன் எடுத்தோம், பக்கத்தில் இருந்தவர்கள் அதே தண்ணீரிலிருந்து உப்பு எடுத்தார்கள். ஒருவர் வேலை இன்னொருவருக்குச் சுத்தமாகப் புரியாது. மழை வந்தால் அவர்கள் முகம் தொங்கிப்போகும். எங்களுக்கோ அது மீன் கரைக்கு வருகிற காலம். அவர்கள் தலையில் கை வைத்திருக்கும்போது நாங்கள் சிரித்துக்கொண்டு போவோம். அதற்காகச் சண்டை என்றெல்லாம் இல்லை. கருவாடு போட அவர்களிடம்தான் உப்பு வாங்கினோம், அவர்கள் குழம்புக்கு எங்களிடம்தான் மீன் வாங்கினார்கள்.

தம்பிக்கு அப்போது பதிமூன்று வயது. எனக்குப் பதினேழு. பத்தாவது வரை படித்திருந்தேன். குப்பத்தில் அவ்வளவு தூரம் படித்த பெண் நான் ஒருத்திதான் என்பதால், யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை. அவனுக்கு அலை ஏறத் தெரியும். குப்பத்துப் பையன்கள் ஒரு பலகையை நெஞ்சுக்கடியில் வைத்துக்கொண்டு கடலில் கொஞ்ச தூரம் போய், பெரிய அலை வரும்போது அதன் முதுகில் கரை வரைக்கும் வருவார்கள். நல்ல பலகை கிடைப்பதுதான் கஷ்டம். கட்டுமரத்துக் கட்டையைத் தொட்டால் அப்பா தோலை உரித்துவிடுவார்.

உப்பளத்து வாய்க்காலில் ஒரு பலகை நின்றுகொண்டிருந்தது. தேக்கு. பல வருஷம் தண்ணீரில் ஊறி, ஓரமெல்லாம் மழுங்கி, அலை ஏறுவதற்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்ததாம். தம்பியைப் பொறுத்தவரை அது சும்மா நின்றுகொண்டிருந்தது. அது மதகுக் கதவு என்பதும், அதை எடுத்தால் கழுவெளி என்கிற உப்பங்கழியின் தண்ணீர் உப்புப் பாத்திக்குள் வந்துவிடும் என்பதும் உப்பளத்தில் பிறந்த கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கள் குப்பத்தில் யாருக்கும் தெரியாது. அன்று பௌர்ணமி. தண்ணீர் ஏறியது. வாருவதற்குத் தயாராக வெள்ளையாக உட்கார்ந்திருந்த உப்பு, இரண்டு பாத்தி முழுக்கக் கரைந்துபோனது. அந்த நேரத்தில் தம்பி கடலில் இருந்தான்.

உப்பள மேஸ்திரி நாலு ஆட்களோடு வந்தார். எங்கள் குப்பத்துத் தலைவரை நாட்டார் என்போம். அவர் சாயங்காலமே ஊரைக் கூட்டினார். ஊரைக் கூட்டினால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தப்பு செய்தவன் வீட்டின் அன்றைய மீன் முழுவதும் ஊருக்குப் போகும். தப்பு செய்தவன் ஊர் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுவான். பிறகு நாட்டார் அம்மன் கோயில் வாசலில் சூடம் ஏற்றுவார், வந்தவர்கள் எல்லோரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதோடு முடிந்தது. முடிந்தது என்றால் சாதாரணமாக முடிவதில்லை. சூடம் அணைந்த பிறகு அந்த விஷயத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் பேசியவர் வீட்டு மீன் ஊருக்கு.

இதை ஊர் எவ்வளவு கண்டிப்பாக வைத்திருந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒருவர் எப்போதோ கோழி திருடிச் சூடம் ஏற்றப்பட்டவர். அவர் இருக்கிற இடத்தில் யாரும் கோழி என்ற சொல்லையே எடுக்க மாட்டார்கள். அவர் வீட்டுக் கல்யாணத்தில் என்ன கறி என்று கேட்ட வெளியூர் மாப்பிள்ளைக்கு யாருமே பதில் சொல்லவில்லை. பாவம், அந்த மாப்பிள்ளை கறி இல்லையென்று நினைத்துக்கொண்டார்.

மேஸ்திரி நல்ல மனிதர். பலகையை வாங்கிக்கொண்டார், பையனை முதுகில் ஒரு தட்டு தட்டினார், எங்களோடு அவரும் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அங்கேதான் விஷயம் சிக்கியது. சூடத்தைத் தொட்ட பிறகு அவர் தன் முதலாளியிடம் எப்படிச் சொல்வார்? உப்பு எங்கே என்று டவுனிலிருந்து வந்த முதலாளி கேட்டதற்கு, "தண்ணி வந்துடுச்சுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எப்படி வந்தது என்றதற்கு, "வந்துடுச்சுங்க." அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. முதலாளிக்கு உப்பு போனதைவிட இதுதான் ஆத்திரம். சில வாரம் கழித்து, கூட்டத்துக்கே வராத ஒரு கூலியாள், தான் காதில் கேட்டதை அவரிடம் சொல்லிவிட்டான். முதலாளி நேராக ஸ்டேஷனுக்குப் போனார்.

ஏட்டு சைக்கிளில் வந்து இறங்கியபோது அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பையன் எங்கம்மா? பலகைய எடுத்துட்டானாம்ல, கம்ப்ளெய்ன்ட் வந்துருக்குது."

அம்மா இரண்டு பக்கமும் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் வாசலில் நின்றார்கள்.

"அந்தப் பேச்ச இங்க பேசக் கூடாதுங்க."

"யாரு சொன்னது?"

"சூடம் ஏத்தியாச்சுங்க."

ஏட்டு நாட்டாரிடம் போனார். நாட்டார் அவரை மரியாதையாக உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, "நீங்க சொல்ற மாதிரி எதுவும் எங்க ஊர்ல நடக்கலீங்க. நடந்திருந்தாலும் அது முடிஞ்சிபோச்சுங்க" என்றார். தாயார் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று ஏட்டு எழுதிக்கொண்டு போனார். பெரிய முதலியார்சாவடியில் மாமா வீட்டுக்குத் தம்பியை அனுப்பிவிடலாம், அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பாண்டி எல்லை, அது வேறே போலீஸ் என்று சித்தப்பா யோசனை சொன்னார். அப்பா கேட்கவில்லை. "ஊரே மன்னிச்சுட்ட பையன் எதுக்கு ஓடணும்?" என்று அவனைக் கையைப் பிடித்துத் தானே ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவும் நானும் பின்னாலேயே போனோம். அப்பாவுக்கு ஊருக்கு மேலே இன்னொன்று இருக்கிறது என்பது அன்றைக்கும் விளங்கவில்லை, பிறகும் முழுசாக விளங்கவில்லை.

அந்த ஸ்டேஷனில்தான் எங்களுக்கு ப்ரொபேஷன் சார் கிடைத்தார். நன்னடத்தை அதிகாரி என்பது அவர் பதவி. ஒல்லியாக, குடையும் கையுமாக இருப்பார். தம்பியைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். பெண் பார்க்க வந்த வீட்டுக்காரர் மாதிரி அவனை மேலும் கீழும் பார்த்தார். விஷயம் என்னவென்றால், முதல் முறை தப்பு செய்த சிறுவர்களைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பாமல், வீட்டிலேயே இருக்கவிட்டு, சாயங்காலங்களில் ஒரு மையத்துக்கு வரச் சொல்லி, தொழில் கற்றுக்கொடுத்துத் திருத்துகிற திட்டம் ஒன்றுக்கு அரசாங்கம் அந்த வருஷம் பணம் ஒதுக்கியிருந்தது. பரீட்சார்த்தமாக எங்கள் கரையோரத்துக்கு. பணம் வந்தது, அதிகாரி வந்தார், தப்பு செய்த பையன்தான் வரவில்லை. குப்பங்களில் நாட்டார்கள் சூடம் ஏற்றி முடித்துவிட்டார்கள், உள்ளே இருந்த விவசாய ஊர்களில் வேப்பமரத்தடியில் வைத்து முடித்துவிட்டார்கள். போலீஸ் வரைக்கும் வந்த முதல் பையன் என் தம்பிதான்.

"ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. பையன் கோர்ட்ல உண்மைய ஒத்துக்கிட்டா போதும். முதல் தப்புன்னு நான் எழுதிக் குடுப்பேன். வீட்ட விட்டு ஒரு நாள்கூடப் போக வேணாம்" என்றார் அம்மாவிடம்.

அம்மா அவரைக் கும்பிட்டாள். ஒத்துக்கொள்வது என்றால் வாயால் சொல்வது என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

டவுன் கோர்ட்டுக்கு அம்மா, அப்பா, நான், தம்பி, நாட்டார், குப்பத்து ஆண்கள் ஏழெட்டுப் பேர் என்று போனோம். கோட்டக்குப்பத்தில் அப்பாவுக்குத் தெரிந்த வீட்டில் வளைகுடாவிலிருந்து வந்த பளபளப்பான சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி அம்மா தம்பிக்குப் போட்டிருந்தாள். கோர்ட்டில் மரியாதையாக இருக்க வேண்டுமாம். மாஜிஸ்ட்ரேட் முதலில் அந்தச் சட்டையைத்தான் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில், வறுமையினால் செய்த குற்றம் என்று ப்ரொபேஷன் சார் எழுதியிருந்ததில் பாதி அடிபட்டுப்போனது.

"நீதானே பலகையை எடுத்தது?"

தம்பி திரும்பி நாட்டாரைப் பார்த்தான். நாட்டார் மோட்டுவளையைப் பார்த்தார்.

"முடிஞ்சிபோச்சுங்கய்யா."

"என்ன முடிஞ்சிபோச்சு?"

"அத சொல்லக் கூடாதுங்கய்யா."

"யார் முடிச்சது?"

"ஊருங்க."

"கேஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேப்பா" என்றார் மாஜிஸ்ட்ரேட். எல்லோரும் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவரும் "தண்ணி வந்துடுச்சுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். சித்திரை மாதத்துக்கு வாய்தா போட்டு, அதுவரை பையனை அப்பாவின் பொறுப்பில் அனுப்பினார்கள்.

வெளியே வந்ததும் ப்ரொபேஷன் சார் அழாத குறையாக நின்றார். ஒத்துக்கொள்ளாவிட்டால் திட்டத்தில் சேர்க்க முடியாது, விசாரணை நடந்து குற்றம் நிரூபணம் ஆனால் சீர்திருத்தப் பள்ளிதான் என்றார். சூடத்தின் விஷயத்தை அவருக்கு நான்தான் சொன்னேன். படித்த மனிதர் என்றாலும் சீக்கிரம் புரிந்துகொண்டார். மறு வாரமே குப்பத்துக்கு வந்துவிட்டார்.

அன்றைக்கு ஊர்க்கூட்டத்தில் அவரைக் கவிழ்த்துப் போட்ட கூடையில் உட்கார வைத்தார்கள். பெண்களுக்குக் கூட்டத்தில் இடம் கிடையாது. நாங்கள் கட்டுமரங்களுக்குப் பின்னால் நின்று கேட்டோம். அவர் திட்டத்தை விளக்கினார். தச்சு வேலை கற்றுக்கொடுப்பார்கள், மாதா மாதம் கொஞ்சம் பணமும் உண்டு என்றார்.

"இவன் திருந்தறதுக்குக் கவர்மெண்டு துட்டு குடுக்குதா சார்?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆமாம்பா."

"ஏற்கெனவே திருந்தினவங்களுக்கு?"

"அதுக்குத் திட்டம் இல்ல."

"தப்பே பண்ணாத பசங்களுக்கு?"

என் பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் மகனைப் பார்த்து, இத்தனை நாள் நல்ல பிள்ளையாக இருந்து என்ன கண்டாய் என்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள்.

நாட்டார் சாரின் பக்கம் திரும்பினார். "சார், பையன் வாயால சொல்லணும்னா, நாங்க ஏத்தின சூடம் இல்லேன்னு ஆகணும். அணைஞ்ச சூடத்த எப்பிடி சார் இல்லேன்னு ஆக்கறது?" என்றார். இப்படி ஒன்று ஊரில் நடந்ததே இல்லை. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில், ஊர் வாங்கிய மீனை ஊரே திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கு பழையபடி ஆகிவிடும் என்று முடிவாயிற்று. மீன் தின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதனால் வீட்டுக்கு ஒரு மீன் என்று போட்டார்கள்.

நாங்கள் ஊருக்குக் கொடுத்தது வெறும் கவளை, மலிவு மீன். திரும்பி வந்ததில் வஞ்சிரம் இருந்தது, வவ்வால் இருந்தது, இறால்கூட ஒரு பிடி இருந்தது. மன்னிப்பை இழந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் வைத்த குழம்பைப் போல அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் சாப்பிட்டதில்லை. அம்மா அழுதுகொண்டே பரிமாறினாள். அப்பா அழவில்லை, இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

இன்னொன்றும் நடந்தது. சூடம் இல்லை என்று ஆனதும் ஊருக்கு வாய் கிடைத்துவிட்டது. இரண்டு மாதம் அடக்கி வைத்திருந்த பேச்செல்லாம் சாயங்காலத்துக்குள் எங்கள் வாசலுக்கு வந்தது. பிள்ளையை வளர்த்த லட்சணத்தைச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் பையன்கள் கூட்டமாக வந்து, "டேய், அன்னிக்கி அந்தப் பெரிய அலையில நீ வந்தியே, கரை வரைக்கும் எறங்கவேயில்லடா நீ" என்று சொன்னபோது தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தப்பையும் சாமர்த்தியத்தையும் சேர்த்தே புதைத்திருந்தார்கள், இரண்டும் சேர்ந்தே எழுந்து வந்தன. அவன் அன்று ரொம்பவும் சந்தோஷமாக இருந்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சித்திரை வாய்தாவுக்குப் போனபோது ப்ரொபேஷன் சாரைக் காணோம். காத்திருந்தோம். எங்கள் கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். இந்த முறை சாதாரணச் சட்டைதான். மாஜிஸ்ட்ரேட் கேட்டதுமே தம்பி சொல்ல ஆரம்பித்தான். பலகை எங்கே நின்றது, எப்படி அசைத்து எடுத்தான், எந்த வழியாகத் தூக்கிக்கொண்டு போனான், எத்தனையாவது அலையில் ஏறினான், கேட்டது கேட்காதது எல்லாம் சொன்னான். மாஜிஸ்ட்ரேட் நடுவில் நிறுத்தவில்லை. "உண்மையைச் சொல்கிற பையன்" என்று பாராட்டினார். அம்மா என் கையை அழுத்தினாள்.

அவன் முடிக்கும்போது ப்ரொபேஷன் சார் மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார். பஸ் தாமதம். வந்தவர் உள்ளே வராமல் அங்கேயே நின்றார். மாஜிஸ்ட்ரேட் அவரைக் கூப்பிட்டு, பையனை உங்கள் திட்டத்தில் சேர்த்துவிடலாம் அல்லவா என்றார்.

திட்டம் இப்போது இல்லை என்றார் சார். மார்ச் மாதம் முடிந்ததும், செலவாகாத பணம் முழுவதும் திரும்பிப் போய்விட்டதாம். அந்த உத்தரவு அவர் கைக்கு வந்ததே அந்த வாரம்தானாம். ஒரு பையன்கூடச் சேராத திட்டத்துக்கு எதற்குப் பணம் என்று மேலே கேட்டிருக்கிறார்கள். ஒரு பையன் சேரப்போகிறான், அவன் ஊர் சூடத்தை இல்லை என்று ஆக்கிக்கொண்டிருக்கிறது என்று இவர் எழுதினால் யாருக்கு விளங்கும்? அவருடைய வேலையும் அந்தத் திட்டத்தில்தான் இருந்தது, அதுவும் போய்விட்டது. அன்று அவர் கைக்காசில் டிக்கெட் எடுத்து வந்திருந்தார்.

கண்காணிக்க ஒரு அதிகாரி இல்லாமல் பையனை வீட்டில் விட முடியாது என்றார் மாஜிஸ்ட்ரேட். குரலில் வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். குற்றத்தைத் தானாக ஒப்புக்கொண்டதைக் கருத்தில் எடுத்துக்கொண்டு தண்டனையைக் குறைப்பதாகச் சொன்னார். சீர்திருத்தப் பள்ளியில் இரண்டு வருஷம்.

அம்மாவுக்கு அது புரியச் சிறிது நேரம் பிடித்தது. நான்தான் சொன்னேன். அவள் ப்ரொபேஷன் சாரிடம் போய், "சார், ஒத்துக்கிட்டா வீட்டுலயே இருக்கலாம்னு சொன்னீங்களே" என்றாள். அவர் குடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி அழவில்லை. தான் எதையோ தவறாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு, "திரும்பவும் சொல்லட்டுமாக்கா?" என்று என்னைக் கேட்டான். அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் இருக்கிறது. யார் மேல் என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

படியில் இறங்கும்போது ஒரு வக்கீல் குமாஸ்தா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, கேட்காமலே ஒரு சட்ட ஆலோசனை தந்தார். "பாத்தவன்னு சொல்ல ஒரு சாட்சி கெடையாது. மேஸ்திரியும் வாயத் தொறக்கல. பையனும் சும்மா இருந்திருந்தான்னா கேஸு தானாத் தள்ளுபடி ஆயிருக்கும்மா." சொல்லிவிட்டு மறுபடி சுண்ணாம்பு தடவினார். நாட்டார் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அரசாங்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஐப்பசியில் பணம் மறுபடி வந்தது. முந்தின வருஷத்தைவிட அதிகமாகவே வந்தது என்றார்கள், ஏனென்றால் திட்டத்துக்குத் தகுந்த பையன் அந்தக் கரையோரத்தில் இருக்கிறான் என்பதற்கு இப்போது கோர்ட் உத்தரவே சாட்சியாக இருந்தது. என் தம்பிதான் அந்தச் சாட்சி. மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து மையம் திறந்தார்கள். இழைப்புளி, ரம்பம், உளி, பெஞ்சு எல்லாம் வந்திறங்கின. தச்சு வாத்தியார் ஒருவரும் வந்தார். ப்ரொபேஷன் சாருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. பையன்தான் இல்லை.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். மையம் திறந்துவிட்டதே, மகனை அங்கிருந்து இங்கே மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டாள். சார் எழுந்து நின்று அம்மாவுக்கு நாற்காலி போட்டார். பிறகு சொன்னார், "அவன இதுல சேக்க முடியாதும்மா. இது முதல் தடவ தப்பு பண்ணவங்களுக்கு. ஏற்கெனவே பள்ளியில இருந்துட்ட பையன எடுக்கக் கூடாதுன்னு ரூல்."

"அவனும் முதல் தடவதானுங்களே சார்."

"ஆமாம்மா," என்றார். தச்சு வாத்தியார் காலியான அறையில் தனக்காக ஒரு ஸ்டூல் செய்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சார் பலமுறை குப்பத்துக்கு வந்தார், யாராவது பையன் தப்பு செய்திருக்கிறானா என்று தன்மையாக விசாரித்துக்கொண்டு. "எங்க ஊர்ல தப்பே நடக்கறதில்லீங்க" என்று நாட்டார் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்த வருஷத்துப் பணத்தை எப்படியோ பெஞ்சு வாங்கியே முடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

தம்பி திரும்பி வந்தபோது குரல் உடைந்திருந்தது. உயரமாகியிருந்தான். சாப்பாட்டை யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிற மாதிரி தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டான். முதுகில் தழும்பு இருந்தது. அம்மா கேட்டதற்கு விழுந்துவிட்டேன் என்றான். கடல் பக்கமே போகவில்லை.

நாட்டாரை அந்த இரண்டு வருஷம் அரித்திருக்கிறது. ஊர் வாங்கின மன்னிப்பைத் திருப்பிக் கொடுக்காமல் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தம்பி வந்த மூன்றாம் நாளே ஊரைக் கூட்டினார். வெயில் இறங்கிக்கொண்டிருந்த நேரம். இந்த முறை பெண்களையும் யாரும் விரட்டவில்லை. மீன் வேண்டாம், பையன் விழவும் வேண்டாம், அவன் பட்டதே போதும், சூடத்தை மட்டும் ஏற்றி முடித்துக்கொள்வோம் என்று நாட்டார் சொன்னார். எல்லோரும் சரி என்றார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாட்டார் வெற்றிலை மேல் சூடத்தை வைத்துத் தீப்பெட்டியை எடுத்தார்.

"ஒரு நிமிஷங்க" என்றான் தம்பி. "ஏத்திட்டா அதப் பத்தி யாரும் பேசக் கூடாதுங்கல்ல?"

"ஆமாம்பா. ஒருத்தரும் உன்ன ஒரு வார்த்த சொல்ல முடியாது. உனக்கு நல்லதுதான?"

"நானும் பேசக் கூடாதுங்களா?"

"எல்லாருக்கும்தான்."

"பலகைய எடுத்ததப் பத்தி மட்டுமா, அதுக்கப்புறம் நடந்ததுக்கும் சேத்தா?"

நாட்டார் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "எல்லாம் சேத்துதான்பா. ஒண்ணுலேர்ந்து வந்ததுதான இன்னொண்ணு."

"அப்ப ஏத்தாதீங்க" என்றான் தம்பி. "நான் பலகைய எடுத்தத நீங்க எத்தினி வருசம் வேணும்னாலும் பேசுங்க. நான் ஒண்ணும் சொல்லல. அங்க என்ன பண்ணாங்கன்னு நான் சொல்லணும். அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல."

அப்பா எழுந்து அவன் பக்கத்தில் போய் மணலில் உட்கார்ந்தார். நாட்டார் தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டார். வெற்றிலையையும் சூடத்தையும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

"சொல்லுப்பா" என்றார்.

தம்பி சட்டையைக் கழற்றி முதுகை ஊருக்குக் காட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான்.